வாசலுக்கு வந்த வேகம் கடைமடை சேரும் வகை

நூல் வாங்கும் நெசவாளர் எடையைச் சரிபாராமல் பணம் கொடுப்பதில்லை. உரம் வாங்கும் விவசாயி மூட்டைகளை எண்ணாமல் வண்டியில் ஏற்றுவதில்லை. ஆனால், மாதந்தோறும் தவறாது கட்டணம் செலுத்திப் பெறும் பிராட்பேண்டு இணைப்பு, சொன்ன அளவில் வந்து சேருகின்றதா என்று அளந்து பார்ப்போர் நம் அங்கத்தினர்களுள் மிகச் சிலரே ஆவர். ‘இணைப்பு மந்தமாக இருக்கிறது’ என்னும் குறை மட்டும் நாம் செல்லும் இடமெல்லாம் காதில் விழுகின்றது.

இது பொழுதுபோக்கைப் பற்றிய குறை மட்டும் அன்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பெற்ற ‘இ-நாம்’ என்னும் மின்னணு வேளாண் சந்தையில் விளைபொருளுக்கு விலை கேட்பது இணையத்தின் வழியே நடைபெறுகின்றது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூனில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சேலையின் படத்தையும் காணொளியையும் வெளியூர் வியாபாரிக்கு அனுப்பி ஆர்டர் பெறுகின்றனர். பிள்ளைகளின் பாடங்களும் இவ்வழியே வருகின்றன. விலை கேட்கும் நேரத்திலோ, வியாபாரியுடன் பேசும் நேரத்திலோ இணைப்பு நின்றுவிட்டால் நட்டம் நம்முடையதே.

வேகம் போதாதென்று கருதும் அங்கத்தினர் பலர் உடனே கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறிவிடுகின்றனர். மாதச் செலவு கூடுகின்றது. உள்ளறையிலோ நிலைமை முன்போலவே இருக்கின்றது. அணையில் திறந்துவிடும் நீரை இரட்டிப்பாக்கினாலும், வாய்க்காலில் உடைப்பு இருக்குமாயின் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும் அன்றோ? இணைப்பின் நிலையும் இதுவே. கம்பெனியிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு வாய்க்கால். வாசலில் உள்ள ரூட்டரிலிருந்து நம் கையிலுள்ள கைப்பேசி வரை இன்னொரு வாய்க்கால். பணம் கொடுத்து நீரைக் கூட்டுவதற்கு முன்னர், உடைப்பு எந்த வாய்க்காலில் உள்ளது என்று கண்டறிதல் வேண்டும். அதற்குரிய முறைகளை இங்கே விளக்க முற்படுகிறோம்.

வேகத்தின் அளவை

கம்பெனிகள் வேகத்தை ‘மெகாபிட்’ என்னும் அளவையால் கூறுகின்றன. நாம் இறக்கிக்கொள்ளும் கோப்புகளின் அளவோ ‘மெகாபைட்’ என்னும் அளவையில் காட்டப்படுகின்றது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே, விநாடிக்கு 100 மெகாபிட் என்னும் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இவ்வேற்றுமையை அறியாதோர், 100 வாங்கி 12 தான் வருகிறதென்று வீணே மனம் வருந்துகின்றனர்.

நமக்கு எவ்வளவு தேவை என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம். பிராட்பேண்டு என்று கூறப்படுவதற்குக் குறைந்தபட்சம் விநாடிக்கு 2 மெகாபிட் இறக்கும் வேகம் இருத்தல் வேண்டும் என 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வரையறுத்தது. தெளிவான காணொளி ஒன்றைத் தடையின்றிப் பார்ப்பதற்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். ஆகவே, நால்வர் உள்ள ஒரு குடும்பம் 50 மெகாபிட் திட்டத்தில் திணறுமாயின், அங்கே குறை திட்டத்தின் அளவில் இல்லை. வேறெங்கோ உள்ளது எனக் கொள்ளலாம்.

மூன்று இடங்களில் அளத்தல்

வேகச் சோதனை செய்யும் இணையதளங்களும் செயலிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. சோதனை செய்யும்போது வீட்டிலுள்ள ஏனையோர் இணைப்பைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். பின்வரும் மூன்று இடங்களில் அளவெடுத்துத் தேதியும் நேரமும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுக.

முதலாவது: மடிக்கணினியை லேன் கேபிள் கொண்டு ரூட்டருடன் நேராக இணைத்து அளத்தல். சொந்தமாகக் கணினி இல்லாதவர்கள் அண்டை வீட்டாரிடமோ சங்கத்திலோ கேட்டுப் பெறலாம். இரண்டாவது: ரூட்டர் உள்ள அறையிலேயே, அதிலிருந்து சுமார் 2 மீட்டர் தூரத்தில் நின்று கைப்பேசியில் அளத்தல். மூன்றாவது: எந்த இடத்தில் இணைப்பு மந்தமெனக் குறைபடுகின்றோமோ, அந்த இடத்தில் அதே கைப்பேசியில் அளத்தல். காலையிலும், எல்லோரும் இணைப்பைப் பயன்படுத்தும் இரவு 9 மணியளவிலும், நான்கைந்து நாட்கள் இவ்வாறு செய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 100 மெகாபிட் திட்டம் வாங்கியிருப்பதாகக் கொள்வோம். கேபிளில் 94, ரூட்டர் அருகில் 85, தறிக்கூடத்தில் 6 என்று அளவுகள் வருமாயின், கம்பெனி தன் பங்கைச் சரியாகவே செய்துள்ளது. அங்கே 200 மெகாபிட் திட்டத்திற்கு மாறினாலும் தறிக்கூடத்தில் 6 என்பது 6 ஆகவே நிற்கும். கேபிளிலேயே நாள்தோறும் 30, 35 என்று வருமாயின், ரூட்டரை எங்கே நகர்த்தியும் பயனில்லை. முறையீடு செய்வதே வழி. மாத முற்பகுதியில் நன்றாக இருந்து, பிற்பகுதியில் திடீரென வேகம் விழுந்துவிடுமாயின், திட்டத்தில் குறிப்பிட்ட அளவு தீர்ந்தபின் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

முறையீடு செய்வோர் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைத் தவறாது பெறுக. அங்கே தீராவிடில் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். இந்த இரண்டடுக்கு முறை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளால் ஏற்பட்டது. வெறும் வாயுரையினும் தேதியும் நேரமும் எழுதிய நோட்டுப் புத்தகத்திற்கு மதிப்பு அதிகம் என்பதைக் கணக்கு வைத்துப் பழகிய நம் அங்கத்தினருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கேபிளில் மறைந்திருக்கும் தடை

கேபிளில் அளக்கும்போது ஒரு விசித்திரம் தென்படுவதுண்டு. 200 அல்லது 300 மெகாபிட் திட்டம் வாங்கியவருக்கும் எப்போது அளந்தாலும் 94, 95 என்றே வரும். இவ்வெண்ணைக் கண்டவுடன் காரணத்தை ஊகித்துவிடலாம். பழைய ரூட்டர்கள் பலவற்றிலும், மலிவான சில புதிய ரூட்டர்களிலும் கேபிள் செருகும் துளைகள் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தும் ஆற்றல் இல்லாதவை. நிர்வாகச் செலவு போக 94 அல்லது 95 தான் எஞ்சும். அத்துளை ‘கிகாபிட்’ வகையாக இருத்தல் வேண்டும்.

ரூட்டர் சரியாக இருந்தும் அதே எண் வருமாயின் கேபிளைப் பார்க்க. லேன் கேபிளின் உள்ளே 4 இணைகளாக முறுக்கப்பட்ட 8 கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு 2 இணைகள் போதும். கிகாபிட் வேகத்திற்கு 4 இணைகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும், முனையில் சரியாகப் பொருந்தாவிடினும், கருவிகள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, ஆகவே குறையும் வெளியே தெரிவதில்லை. பாவில் ஓரிழை அறுந்தால் துணியில் தெரிந்துவிடும். இங்கோ அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. சில நூறு ரூபாய் விலையுள்ள கேபிள் சோதனைக் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்தால், அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும்.

பைபர் இணைப்பு உள்ளோர் வீட்டிற்குள் வரும் மெல்லிய பைபர் இழையையும் கவனித்தல் வேண்டும். அதனுள் செல்வது ஒளி. இழையைக் கூர்மையாக மடித்தாலும், ஆணி அடித்து நெருக்கினாலும், கதவிடுக்கில் நசுக்கினாலும் ஒளி வெளியே சிந்திவிடும். மிகுதியாக உள்ள இழையைப் பெரிய வளையமாகச் சுற்றி வைப்பதே முறை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள்; நாமே அதைப் பிரித்துப் பார்த்தல் கூடாது.

காற்றில் செல்லும் அலைகள்

கேபிளில் குறையில்லை; கைப்பேசியில் மட்டுமே குறை என்று கண்டால், வைஃபை எனப்படும் கம்பியில்லா வழியை ஆராய்தல் வேண்டும். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பயன்படுத்துகின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒன்று. அதன் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை மற்றொன்று. அதன் நீளம் 5 முதல் 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். ஆனால் வேகம் குறைவு. பின்னது மிக்க வேகமுடையது. ஆனால் ஓரிரு சுவர்களிலேயே தளர்ந்துவிடும். ரூட்டர்கள் சில, இரண்டாவது அலையின் பெயரோடு ‘5ஜி’ என்று சேர்த்துக் காட்டும். இது கைப்பேசிக் கம்பெனிகளின் 5ஜி சேவை அன்று. 5 ஜிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கமே.

பழைய கைப்பேசிகள் பலவற்றில் 2.4 அலை மட்டுமே உண்டு. அத்தகைய கைப்பேசியில், ஒற்றை ஆன்டெனாவும் வழக்கமான தட அகலமும் கொண்டு, ஏட்டளவில் வரக்கூடிய உச்ச வேகமே 72 மெகாபிட். கையில் கிடைப்பது 40, 50 என்ற அளவில்தான் இருக்கும். 100 மெகாபிட் திட்டத்திலும் அவ்வளவே வரும். இதற்காக ரூட்டரையோ கம்பெனியையோ குறைகூறுதல் பொருந்தாது.

ரூட்டரை வைக்கும் இடம்

செலவின்றிச் செய்யக்கூடிய பெருஞ்சீர்திருத்தம் இதுவேயாம். இணைப்புக் கொடுக்க வரும் ஆள், கேபிள் எந்த மூலையில் நுழைகின்றதோ அந்த மூலையிலேயே ரூட்டரை வைத்துவிட்டுச் செல்வது வழக்கம். பெரும்பாலும் அது தெருப்பக்கத்து அறை. அலைகளில் பாதி தெருவுக்குச் செல்ல, பின்கட்டிற்கு எஞ்சுவது சிறிதளவே. ரூட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்திற்குக் குறையாமல், திறந்த அலமாரியிலோ சுவர்ப்பலகையிலோ வைத்தல் வேண்டும். குச்சி போன்ற ஆன்டெனாக்களைச் செங்குத்தாக நிறுத்தினால் அலை பக்கவாட்டில் நன்கு பரவும்.

அலைக்குப் பகை எவையெனில்: இரும்பு, நீர், கம்பி கட்டிய கான்கிரீட், நிலைக்கண்ணாடி ஆகியவை. எஃகு பீரோவின் பின்னாலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகிலோ, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ ரூட்டரை ஒளித்து வைத்தல் கூடாது. பழைய வீடுகளின் கனத்த செங்கல் சுவர் அலையைத் தளரச் செய்யும். தகரத்தால் அடைத்த தறிக்கூடமோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். அங்கே எத்துணை விலையுயர்ந்த ரூட்டரும் வெளியிலிருந்து வேலை செய்யாது.

ஒரே தடத்தில் பலர் செல்லுதல்

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் ‘சேனல்’ எனப்படும் தடங்கள் எண்ணிட்டு அமைந்துள்ளன. அருகருகே உள்ள தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிபவை. தம்முள் மோதாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் குடியிருப்பில் முப்பது வீடுகளும் இம்மூன்று தடங்களையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஒருவர் 3 என்றும் மற்றொருவர் 4 என்றும் இடையில் புகுந்தால், இருபுறத்தாருக்கும் இடையூறு. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே அலைப்பகுதியில் இயங்குவதால் நெரிசல் மேலும் கூடும்.

அண்டை வீட்டார் எந்தத் தடங்களில் உள்ளனர் என்று காட்டும் செயலிகள் உண்டு. அவற்றைக் கொண்டு நெரிசல் குறைந்த தடத்தை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். 2.4 அலையில் தடத்தின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்றிருப்பதே குடியிருப்புகளுக்கு உகந்தது. 40 என்று வைப்பவர் பிறர் வழியையும் அடைத்துக்கொள்கிறார். ஒரு தெருவினர் கூடிப் பேசி 1, 6, 11 என மாறி மாறி அமைத்துக்கொண்டால் அனைவருக்கும் நன்மை. வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு இது அரிய காரியம் அன்று. 5 அலையைப் பிடிக்கும் கருவிகளை அந்த அலைக்கே மாற்றிவிடுவது இன்னும் நன்று. அங்கே தடங்கள் பல.

வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும் என்பதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பாதையில் மெல்லச் செல்லும் வண்டி பின்வருவோர் அனைவரையும் தாமதப்படுத்துவது போல, கடைசி அறையில் தளர்ந்த அலையில் தவழும் பழைய கருவி ஒன்று ஏனையோர் நேரத்தையும் தின்றுவிடும். அசையாது ஓரிடத்திலேயே இருக்கும் தொலைக்காட்சி, மேசைக் கணினி ஆகியவற்றைக் கேபிளில் இணைத்துவிட்டால், காற்றுவழி கைப்பேசிகளுக்கு விடுதலையாகும்.

பின்கட்டிற்கும் தறிக்கூடத்திற்கும்

தூரத்து அறைக்காகப் பலர் ‘ரிப்பீட்டர்’ எனப்படும் கருவியை வாங்குகின்றனர். அது ரூட்டரின் அலையைக் கேட்டு மீண்டும் ஒலிபரப்புவது. கேட்பதும் சொல்வதும் ஒரே அலையில் நிகழுமாயின், ஒவ்வொரு செய்தியும் காற்றில் இருமுறை செல்ல நேர்ந்து, வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும், அலையே எட்டாத அறையில் அதை வைப்பதால் பயனில்லை. அலை நன்றாக எட்டும் நடுவழியில் வைத்தல் வேண்டும்.

இதனினும் சிறந்த வழி, ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் மறுமுனையில் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றை அமைப்பதாகும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை முழு வேகத்தையும் கொண்டு செல்லும். தகரக் கூடத்தின் உள்ளேயே பெட்டி இருப்பதால் தகரமும் தடையாகாது. கேபிளை மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டுதல் கூடாது. தறிக்கூடம் தனிக் கட்டடமாகத் திறந்த வெளிக்கு அப்பால் இருக்குமாயின், செம்புக் கேபிளுக்குப் பதில் பைபர் இழையை இழுப்பதே பாதுகாப்பு. இடி மின்னலின் போது செம்பின் வழியே மின்னதிர்ச்சி பாய்ந்து இருபுறக் கருவிகளையும் எரிக்கக்கூடும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது.

பூட்டும் பராமரிப்பும்

கடவுச்சொல்லைத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, வேகம் இல்லையென்று வருந்துவதில் பொருளில்லை. பூட்டின் வகையும் வேகத்தைப் பாதிக்கும் என்பது பலர் அறியாதது. ‘வெப்’, ‘டிகிப்’ என்னும் பழைய பூட்டுமுறைகளில் ரூட்டர் இருந்தால், வைஃபை 4 முதலான புதிய வேகங்கள் தடுக்கப்பட்டு, ஏட்டளவிலேயே 54 மெகாபிட்டில் நின்றுவிடும், பாதுகாப்பும் இல்லை. அமைப்புப் பக்கத்தில் ‘டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்’ அல்லது ‘டபிள்யூபிஏ3’ என்பதைத் தேர்ந்தெடுக்க. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தலும் அவ்வப்போது செய்யத்தக்கது.

வைஃபையின் முதல் நியமம் 1997இல் வெளிவந்தபோது அதன் உச்ச வேகம் 2 மெகாபிட்டே. வைஃபை 4 நியமம் 2009இலும், வைஃபை 5 நியமம் 2013இலும், வைஃபை 6 நியமம் 2021இலும் ஒப்புதல் பெற்றன. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட ரூட்டரை வைத்திருப்போர், மேற்கூறியவை யாவும் செய்து பார்த்தபின்னும் குறை நீங்காவிடின், ஒருமுறை செலவு செய்து அதை மாற்றலாம். திட்டத்தை உயர்த்தினால் மாதந்தோறும் செலவு. ரூட்டரை மாற்றினால் ஒரே முறை செலவு.

வேகச் சோதனையில் எண் நன்றாக வந்தும் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. வீட்டில் ஒருவர் நூற்றுக்கணக்கான படங்களை மேலேற்றிக்கொண்டிருந்தால், ஏற்றும் வழி நிரம்பிவிட, பேச்சின் சிறு துணுக்குகள் நெடிய வரிசையில் காத்து நிற்கும். பெரிய கோப்புகளை இரவில் அனுப்புவதும், ரூட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை தரும் வசதி இருப்பின் அதை இயக்குவதும் இதற்குப் பரிகாரம்.

முடிவாக, வரிசைமுறையை மீண்டும் கூறுகிறோம். முதலில் அளத்தல், பின்னர்க் கேபிளையும் துளையையும் சோதித்தல், அதன்பின் ரூட்டரை நடுவிடத்திற்கு நகர்த்துதல், தடத்தையும் பூட்டையும் திருத்துதல், தேவையாயின் பின்கட்டிற்குக் கேபிள் இழுத்தல். இவற்றுள் முதல் நான்கும் செலவில்லாதவை அல்லது சொற்பச் செலவுடையவை. கூடுதல் கட்டணத் திட்டம் இவையெல்லாம் முடிந்தபின் எண்ணத்தக்க கடைசிப் படியாகும். உழைத்து ஈட்டிய பணத்தில் ஒரு ரூபாயும் வாய்க்கால் உடைப்பில் வீணாகாதவாறு, அங்கத்தினர் யாவரும் இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தம் இணைப்பை மூன்று இடங்களிலும் அளந்து எழுதத் தொடங்குவார்களாக.